மரக்கறி உணவும் குருதிக் கொழுப்பும்

புரட்டாசித் திங்கள் பிறந்துவிட்டால் உத்திரமேரூரைச் சூழ்ந்துள்ள சிற்றூர்களில் அடுக்களையின் மணமே மாறிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் இறைச்சிக் கடைமுன் கூடும் கூட்டம் குறைந்துபோகிறது. கருவாட்டுச் சட்டி பரணில் ஏறிவிடுகிறது. சனிக்கிழமைகளில் பெருமாளுக்குத் தளிகை படைத்து, மாவிளக்கு ஏற்றி, இலை நிறையச் சோறும் கறியும் வடையும் பாயசமும் இட்டு உண்பது இப்பக்கத்து மக்களின் நெடுநாளைய வழக்கம். அண்மைக்காலத்தில் இந்நோன்புக்குப் புதியதொரு பயனையும் சேர்த்துச் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். “ஒரு மாதம் கவிச்சி தொடாமல் இருந்தால் இரத்தத்தில் உள்ள கொழுப்பெல்லாம் கரைந்துவிடும்” என்று திண்ணையிலும் தேநீர்க் கடையிலும் பேசக் கேட்கிறோம். குருதியை அளந்து பார்த்து, கொலஸ்ட்ரால் மிகுந்திருக்கிறது என்று மருத்துவர் சொல்லக் கேட்டு வந்தவர்கள், இப்பேச்சையே பெரிய ஆறுதலாகப் பற்றிக்கொள்கிறார்கள்.

இப்பேச்சு பாதி மெய், பாதி பொய் என்பது என் கருத்து. எந்தப் பாதி மெய், எந்தப் பாதி பொய் என்று அறிந்துகொள்வது வீண் ஆராய்ச்சி அன்று. பல நாடுகளில் நடந்த ‘இன்டர்ஹார்ட்’ என்னும் பெரிய ஆய்வு, தெற்காசிய மக்களுக்கு முதல் மாரடைப்பு வரும் வயது சராசரியாக 53 என்று 2007-ஆம் ஆண்டில் காட்டிற்று. ஏனைய நாட்டவர்க்கு அது ஏறத்தாழ 59. ஆறு ஆண்டு வேறுபாடு கணக்கில் சிறிதாகத் தோன்றலாம். ஆனால் ஓர் உழவர் குடும்பத்தில் 53 வயது என்பது மகளுக்கு மணம் முடிக்கும் வயது. மகனைக் கல்லூரியில் சேர்த்துவிட்டு, வாங்கிய கடனை அடைக்கும் வயது. அந்த வயதில் தந்தை சாய்ந்தால் குடும்பமே சாய்ந்துவிடும்.

கொலஸ்ட்ரால் என்பது யாது? அது நஞ்சு அன்று. மெழுகு போன்ற ஒரு பொருள். நம் உடலின் ஒவ்வோர் அணுவின் சுவரிலும் அது உண்டு. உணவுச் செரிமானத்திற்கு வேண்டிய பித்தநீரும், உடலின் சுரப்புகள் பலவும் அதிலிருந்தே உண்டாகின்றன. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு வேதியியலார் செவ்ரல் என்பவர் பித்தக் கற்களிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட இப்பொருளுக்குப் பெயரிட்டார். கிரேக்க மொழியில் பித்தத்தையும் திண்மையையும் குறிக்கும் சொற்களால் ஆன பெயர் அது. (அவர் 102 ஆண்டுகள் வாழ்ந்தார் என்பது கொலஸ்ட்ராலைக் கண்டு அஞ்சுவோர்க்கு உவப்பான செய்தி.) உடலுக்கு வேண்டிய கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை நம் கல்லீரலே ஆக்கிக்கொள்கிறது, உணவின் வழியே வருவது அதனினும் குறைவு.

பிறகு தீங்கு எங்கே பிறக்கிறது? கொலஸ்ட்ரால் நீரில் கரையாத பொருள். ஆகவே குருதியில் அது தனித்துச் செல்வதில்லை. புரதத்தால் ஆன சிறு பொதிகளில் ஏறிச் செல்கிறது. அவற்றுள் எல்.டி.எல். என்பது கல்லீரலிலிருந்து உடலுறுப்புகளுக்குச் சுமை கொண்டு செல்லும் வண்டி, எச்.டி.எல். என்பது மிஞ்சியதைத் திரும்பக் கொண்டுவரும் வண்டி. எல்.டி.எல். மிகுந்துவிட்டால் இறக்க இடமில்லாத சுமை குருதிக்குழாயின் சுவரிலே படிந்துவிடும். வாய்க்காலில் வண்டல் படிவதை நம் உழவர்க்குச் சொல்லித்தர வேண்டுவதில்லை. ஆனால் வாய்க்கால் வண்டலை மண்வெட்டியால் வாரிவிடலாம். நெஞ்சிற்குக் குருதி கொண்டு செல்லும் குழாயை அவ்வாறு வாருதல் எளிதன்று. 1913-ஆம் ஆண்டில் இரசிய நாட்டு அறிஞர் அனிச்கோவ், முயல்களுக்குக் கொலஸ்ட்ராலை ஊட்டி அவற்றின் குருதிக்குழாய்களில் இவ்வாறு படிவு உண்டாவதைக் காட்டினார். முயல் புல் தின்னும் விலங்காதலின், மனிதனுக்கும் அது பொருந்துமா என்று அறிஞர்கள் நெடுங்காலம் ஐயுற்றிருந்தனர். இன்று எல்.டி.எல். பற்றி அவ்வையம் இல்லை.

இனி, மரக்கறி உணவு இவ்வெல்.டி.எல்.லைக் குறைக்குமா? குறைக்கும். 1982 முதல் 2022 வரை உலகின் பல இடங்களில் நடந்த 30 சோதனைகளை ஒருங்கு சேர்த்து ஆராய்ந்து, 2023-ஆம் ஆண்டில் ஐரோப்பிய இதய மருத்துவ இதழில் ஒரு முடிவு வெளியாயிற்று. இச்சோதனைகளில் பங்குகொண்டவர்கள் 2,372 பேர். ஊன் உண்டோரை நோக்க, மரக்கறி உணவினர்க்கு எல்.டி.எல். நூற்றுக்கு 10 அளவு குறைந்திருந்தது. 160 என்று அளவு காட்டும் ஒருவர்க்கு இது 144 ஆகும். நற்செய்தியே, ஆயினும் தேநீர்க் கடையில் சொல்லும் ‘எல்லாம் கரைந்துவிடும்’ என்னும் பேச்சுக்கும் இதற்கும் நெடுந்தொலைவு உண்டு.

என்னை மிகவும் கவர்ந்தது வேறோர் ஆய்வு. கனடா நாட்டின் டொரன்டோ நகரில் டேவிட் ஜென்கின்சு என்னும் மருத்துவர் 2003-ஆம் ஆண்டில் வெளியிட்டது அது. கொலஸ்ட்ரால் மிகுந்த 46 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு மாதம் அவர்கள் உண்பதை அளந்து கொடுத்தார். முதற்குழுவினர்க்குக் கெட்டிக் கொழுப்பு மிகக் குறைந்த, கோதுமையும் கொழுப்பெடுத்த பாலும் கொண்ட உணவு. இரண்டாங் குழுவினர்க்கு அதே உணவோடு ‘லோவாசுடேட்டின்’ என்னும் மாத்திரை. மூன்றாங் குழுவினர்க்கு மாத்திரை இல்லை. ஆனால் அவர்கள் உணவில் சோயாப் புரதமும், பாதாம் பருப்பும், வழவழப்பான நார்ச்சத்து நிறைந்த ஓட்ஸ், வாற்கோதுமை, இசப்பகோல் முதலியனவும், தாவரங்களிலிருந்து எடுத்த ‘ஸ்டெரால்’ என்னும் பொருளும் சேர்க்கப்பட்டன. காய்களுள் அவர்கள் சிறப்பாகத் தேர்ந்தவை எவை என்று எண்ணுகிறீர்கள்? வெண்டைக்காயும் கத்தரிக்காயுமே! மாத முடிவில் முதற்குழுவில் எல்.டி.எல். நூற்றுக்கு 8 குறைந்தது; மாத்திரை உண்டவர்க்கு ஏறத்தாழ 31; மாத்திரை இன்றி உணவால் மட்டும் முயன்றவர்க்கு ஏறத்தாழ 29. உணவைப் பிறர் அளந்து கொடுக்காமல், வீட்டிலிருந்தபடியே அறிவுரை கேட்டு உண்டவர்களிடம் பின்னர்ச் செய்த சோதனையில் இக்குறைவு 13 அளவிலேயே நின்றது. மனித இயல்பு அது. ஆயினும் முதற்குழுவுக்கும் மூன்றாங்குழுவுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை எண்ணிப் பாருங்கள். தீயதை விலக்கியதில் இரு குழுவினரும் ஒத்தவர்களே. விலக்கிய இடத்தில் எதை இட்டு நிரப்பினார்கள் என்பதில்தான் அவர்கள் வேறுபட்டார்கள்.

நம் புரட்டாசி இலையில் நாம் தவறவிடும் பாதி இதுவே. இறைச்சியை நீக்குகிறோம், நீக்கிய இடத்தில் எதை வைக்கிறோம்? வெள்ளை வெளேரென்று தீட்டிய அரிசிச் சோறு மலைபோல் குவிகிறது. அதன் பக்கத்தில் எண்ணெயில் பொரித்த அப்பளம், எண்ணெயில் வறுத்த உருளைக்கிழங்கு, எண்ணெயில் சுட்ட வடை. கடைசியில் சர்க்கரையும் நெய்யும் மிதக்கும் பாயசம். இவற்றுள் ஒன்றும் ஊன் அன்று, எல்லாம் மரக்கறியே. ஆயினும் இவ்விலையை உண்டு எழுந்தவன் கொலஸ்ட்ராலைக் குறைத்துக்கொண்டான் என்று எந்த மருத்துவரும் சொல்லார். மாதம் ஒருமுறை ஆட்டுக்கறி உண்டு, நாள்தோறும் கேழ்வரகுக் கூழும் கீரையும் உண்ட நம் பாட்டனார் இவனினும் நல்ல மரக்கறியாளர் என்றே சொல்லத் தோன்றுகிறது.

தாவரத்திலிருந்து வந்தது என்பதனாலேயே ஒரு பொருள் நெஞ்சுக்கு நல்லதாகிவிடாது என்பதற்கு வனஸ்பதியே சான்று. 1937-ஆம் ஆண்டு முதல் ‘டால்டா’ என்னும் பெயரோடு நம் நாட்டு அடுக்களைகளில் அது புகுந்தது. தாவர எண்ணெயோடு ஐதரசன் வளியைச் சேர்த்து, நெய்போல் உறையச் செய்த பொருள் அது. மஞ்சள் தகர டப்பாவில் பனைமரப் படத்தோடு வந்த அதனை, நெய் வாங்க இயலாத வீடுகள் விருந்துக்கும் திருநாளுக்கும் வாங்கின. ஐதரசன் சேரும்போது ‘டிரான்ஸ்’ கொழுப்பு என்னும் தீய வகை உண்டாகிறது. அது எல்.டி.எல்.லை ஏற்றுவதோடு நில்லாமல், நல்ல எச்.டி.எல்.லையும் இறக்குகிறது என்பதை 1990-ஆம் ஆண்டில் ஆலந்து நாட்டு அறிஞர்கள் மென்சிங்கும் கட்டானும் நிறுவினர். அரை நூற்றாண்டுக்கு மேலாக நெய்க்கு மாற்றென்று மக்கள் நம்பி உண்டது நெய்யினும் கேடானது என்று தெரியவந்தது. எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் இத்தீய பொருள் நூற்றுக்கு 2 அளவை மீறலாகாது என்னும் விதி நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டு சனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது.

சோற்றைப் பற்றியும் ஒரு சொல். தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு பகுதிகளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் சார்பில் நடந்த ஓர் ஆய்வு 2014-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மொத்தக் கொலஸ்ட்ரால் மிகுந்தவர்கள் நூற்றுக்கு 14 பேர் அளவில்தான் இருந்தனர். ஆனால் நல்ல எச்.டி.எல். குறைந்தவர்கள் நூற்றுக்கு 72 பேர்! ‘டிரைகிளிசரைடு’ என்னும் வேறொரு கொழுப்பு மிகுந்தவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 30 பேர். இவ்விரு கேடுகளையும் வளர்ப்பவற்றுள் தீட்டிய தானியமும் சர்க்கரையும் உடலுழைப்பின்மையும் முதன்மையானவை. மேனாட்டுக்காரனுக்குச் சொன்ன ‘இறைச்சியைக் குறை, வெண்ணெயைக் குறை’ என்னும் அறிவுரையை அப்படியே எடுத்து நம் மக்களுக்குச் சொன்னால், நோயின் பாதியைத்தான் தொட்டவர்களாவோம். நம் குறை தட்டின் ஓரத்தில் வைத்த ஒரு துண்டு இறைச்சியில் மட்டும் இல்லை. நடுவில் குவித்த சோற்றிலும் இருக்கிறது.

நெல் விளைவிக்கும் ஊரில் இருந்துகொண்டு சோற்றைக் குறை சொல்வதா என்று சிலர் சினக்கக்கூடும். நான் சொல்வது நெல்லின் குற்றம் அன்று, ஆலையின் குற்றம். தவிடும் முளையும் போகத் தீட்டிய பின் எஞ்சுவது மாவுப்பொருளே. கைக்குத்தல் அரிசியின் பெருமையைக் காந்தியப் பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பா கிராமக் கைத்தொழில் சங்கத்தின் வழியே எவ்வளவோ எடுத்துரைத்தார். உரலும் உலக்கையும் இனித் திரும்பப் போவதில்லை. திரும்ப வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. உலக்கை பிடித்த பெண்களின் கை காய்த்த கதை யாவரும் அறிந்ததே. ஆனால் ஆலைக்காரரிடம் ‘தவிடு முழுதும் போக வேண்டா, ஒரு தீட்டோடு நிறுத்துங்கள்’ என்று சொல்ல உலக்கை வேண்டுவதில்லை. ஒருவேளைச் சோற்றுக்குக் கேழ்வரகையோ கம்பையோ மாற்றாக வைப்பதும் அருமையன்று.

இப்போது நல்ல பாதிக்கு வருவோம். அதே புரட்டாசியில்தான் பெரும்பாலும் நவராத்திரியும் வருகிறது. ஒன்பது நாளும் கொலு வைத்த வீடுகளில் சுண்டல் உண்டு: ஒருநாள் கொண்டைக்கடலை, மறுநாள் காராமணி, பிறகு பச்சைப்பயறு, மொச்சை, பட்டாணி என்று மாறி மாறி வரும். வடையையும் பாயசத்தையும் பெரிதென்று எண்ணி, சுண்டலைக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் காகிதப் பொட்டலமாகக் கருதுகிறோம். கொலஸ்ட்ராலைப் பொறுத்தவரை அந்தப் பொட்டலமே விருந்து. வேகவைத்த பயறு நாளொன்றுக்கு 130 கிராம் அளவு உண்டவர்களுக்கு எல்.டி.எல். நூற்றுக்கு 5 அளவு குறைந்தது என்று 26 சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தவர்கள் 2014-இல் கண்டனர். 130 கிராம் என்பது ஒரு சிறு கிண்ணம். ஒன்பது நாள் செய்வதை ஆண்டு முழுதும் செய்தாலென்ன?

பயறு எவ்வாறு இவ்வேலையைச் செய்கிறது என்பது அறியத்தக்கது. கல்லீரல் கொலஸ்ட்ராலைக்கொண்டு பித்தநீரை ஆக்கிக் குடலுக்கு அனுப்புகிறது. செரிமானம் முடிந்ததும் அதில் பெரும்பகுதி மீண்டும் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்புகிறது. சிக்கனமான குடும்பத்தலைவி மிஞ்சிய மாவை மறுநாளைக்கு எடுத்து வைப்பது போன்ற ஏற்பாடு இது. பயறு, வெண்டை, கொத்தவரை, வெந்தயம் முதலியவற்றில் நீரில் கரைந்து குழகுழப்பாகும் நார்ச்சத்து இருக்கிறது. வெந்தயத்தை ஊறவைத்தால் தோன்றும் வழவழப்பே அது. குடலில் அது பித்தத்தைப் பற்றிக்கொண்டு வெளியேறிவிடுகிறது. புதிய பித்தம் ஆக்கக் கல்லீரலுக்கு மீண்டும் கொலஸ்ட்ரால் வேண்டும். எனவே குருதியில் செல்லும் எல்.டி.எல்.லைத் தன்பால் இழுத்துக்கொள்கிறது. குருதியில் அளவு இறங்குகிறது. எல்.டி.எல்.லை அவ்வாறு இழுத்துக்கொள்ளும் வாயில்கள் அணுக்களின் மேல் இருப்பதைக் கண்டறிந்த பிரௌன், கோல்ட்சுடீன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவரும் 1985-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர்.

மருத்துவர்கள் தரும் ‘ஸ்டேட்டின்’ மாத்திரையும் முடிவில் இவ்வாயில்களைத்தான் திறக்கிறது. அதன் வரலாறு அரிசியோடு தொடர்புடையது என்பது பலர்க்கு வியப்பளிக்கும். சப்பான் நாட்டு உழவர் குடியில் பிறந்த அகிரா என்டோ என்பவர், 1970-களின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்தார். கல்லீரல் கொலஸ்ட்ராலை ஆக்குவதைத் தடுக்கும் பொருள் கடைசியில் ஒரு நீலப்பச்சைப் பூஞ்சையில் கிடைத்தது. அப்பூஞ்சை கியோட்டோ நகரத்துத் தானியக் கடை ஒன்றில் எடுத்த அரிசியில் வளர்ந்தது. எத்தனையோ உயிர்களைக் காத்துவரும் மருந்து அது. மரக்கறி உணவைப் போற்றுவோர் சிலர் இம்மாத்திரையை இகழ்ந்து, ‘கீரை இருக்க மாத்திரை எதற்கு’ என்று சொல்வதுண்டு. இத்தகைய பேச்சு உயிருக்கே கேடாய் முடியலாம். பிறவியிலேயே எல்.டி.எல். வாயில்கள் குறைபட்டுப் பிறப்போர் ஏறத்தாழ 250 முதல் 300 பேருக்கு ஒருவர் உளர். அவர்கள் எவ்வளவு கீரை உண்டாலும் போதாது, மருந்தும் வேண்டும். முன்பே மாரடைப்பு வந்தவர்கள் புரட்டாசியை நம்பி மாத்திரையை நிறுத்துதல் பெருந்தவறு. உணவு மருந்துக்குத் துணை. சிலருக்கு மருந்தின் தேவையைத் தள்ளிப்போடும் வல்லமையும் அதற்கு உண்டு. மருந்துக்குப் பகையாக அதை நிறுத்துதல் கூடாது.

உத்திரமேரூர்ப் பக்கத்து மருத்துவ மரபு இதற்கு மாறானது அன்று. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வீரராசேந்திர சோழன் காலத்தில், 11-ஆம் நூற்றாண்டிலேயே 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை ஒன்று நடந்தது. மருத்துவர் ஒருவர், அறுவை செய்வார் ஒருவர், மூலிகை கொணர்வார் இருவர் என்று அக்கோயில் கல்வெட்டு வகுத்துச் சொல்கிறது. மூலிகை பறிப்பாரும் கத்தி பிடிப்பாரும் ஒரே கூரையின் கீழ் ஊதியம் பெற்றனர்.

எண்ணெய்க்கு வருவோம், ஏழைகளின் அடுக்களையில் இதுவே பெரிய சிக்கல். எல்.டி.எல்.லை ஏற்றுவதில் உணவிலுள்ள கொலஸ்ட்ராலைவிட வலியது கெட்டிக் கொழுப்பு. கடலை எண்ணெயில் அது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. நல்லெண்ணெயில் அதனினும் குறைவு. பாமாயிலிலோ ஏறத்தாழப் பாதி. நெய்யில் ஐந்தில் மூன்று. தேங்காயெண்ணெயில் பத்தில் ஒன்பது. தமிழ்நாட்டில் 2007-ஆம் ஆண்டு முதல் சிறப்புப் பொது வழங்கல் திட்டத்தின்வழி நியாய விலைக் கடைகளில் துவரம்பருப்பும் பாமாயிலும் குறைந்த விலைக்குத் தரப்படுகின்றன. பருப்பைக் கொடுத்தது மிக நல்ல செயல். எத்தனையோ வீடுகளில் சாம்பார் கொதிப்பது அதனாலேயே. பாமாயிலைப் பற்றி அவ்வாறு சொல்ல என் மனம் இடந்தரவில்லை. ஆனால் அதை வாங்கும் தாயைக் குறை கூறுதல் அறமாகாது. கடலை எண்ணெயின் கடைவிலை அவள் கைக்கு எட்டாது. பிள்ளைகளுக்கோ தாளிக்காத குழம்பு இறங்காது. கொடுப்பவர் மாற்ற வேண்டியதை வாங்குபவர் மாற்ற முடியாது.

நம் மேட்டு நிலங்களில் நிலக்கடலை விளைகிறது. திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. அங்கே தோன்றிய ‘டி.எம்.வி.’ வகைக் கடலைகள் நாடெங்கும் பயிராயின. கடலையை இங்கே விளைவித்து விற்றுவிட்டு, கடல் கடந்து வந்த பாமாயிலில் வடை சுடுகிறோம். பாமாயிலுக்கு மாற்றாக உள்நாட்டு எண்ணெயைக் கடைகளில் தர வேண்டும் என்று உழவர் அமைப்புகள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகின்றன. கடலை எண்ணெய் என்றும் நல்லெண்ணெய் என்றும் அவர்கள் கேட்கும்போது நான் உடன்படுகிறேன். தேங்காயெண்ணெய் என்று கேட்கும்போது, தென்னை உழவரின் துயரம் உணர்ந்தும், நெஞ்சு நோயை எண்ணி உடன்பட இயலவில்லை.

இன்னும் சில ஐயங்கள் உண்டு. மாணவர்களே, இந்தப் பாடத்தைப் படித்துவிட்டுப் பள்ளிச் சத்துணவில் தரும் முட்டையை வேண்டா என்று ஒதுக்காதீர்கள். வளரும் பருவத்தில் புரதம் மிக வேண்டும். நடுத்தர வயதினரின் குருதி அளவையைக் கொண்டு சிறுவரின் தட்டைச் சுருக்குதல் முறையன்று. முட்டை உண்ணாத வழக்கத்தினர்க்கு வாழைப்பழம் தருகிறார்கள். அப்பிள்ளைகள் வீட்டில் பயறும் பாலும் சற்று மிகுதியாக உண்ண வேண்டும். பால், தயிர் ஆகியவற்றையும் விட்டுவிடும் முழு மரக்கறியாளர்க்குப் பி12 என்னும் வைட்டமின் கிடைப்பதில்லை. அது குறைந்தால் குருதியும் நரம்பும் நலிவுறும். அவர்கள் மருத்துவரைக் கேட்டு அதைத் தனியே பெற வேண்டும். இங்கிலாந்தில் 48,000 பேரை 18 ஆண்டுகள் தொடர்ந்து நோக்கிய ஆக்சுபோர்டு ஆய்வு ஒன்று, மரக்கறியாளர்க்கு மாரடைப்பு வகை நோய் நூற்றுக்கு 22 குறைவு என்றும், மூளைக் குருதிக்குழாய் நோய் 20 மிகுதி என்றும் 2019-இல் காட்டிற்று. பின்னதன் காரணம் இன்னும் தெளிவுபடவில்லை. முழுமையான காப்பு எந்த உணவிலும் இல்லை என்பதற்காகவே இதனைச் சொன்னேன்.

உணவை உயர்வு தாழ்வுக்கு அளவுகோலாக்கும் தீய வழக்கம் நம் நாட்டில் உண்டு. இக்கட்டுரையை அதற்குத் துணையாக யாரும் கொள்ளலாகாது. 2014-ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கின்படி தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 97 பேர்க்கு மேல் ஊன் உண்பவர்களே. அவர்களுள் பெரும்பாலோர் வாரத்தில் ஐந்தாறு நாள் சோறும் குழம்பும் உண்பவர்கள். அந்த ஐந்தாறு நாளின் தட்டைத் திருத்தினாலே போதும். ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பைப் பற்றி யான் வழக்காட வரவில்லை.

தட்டைத் திருத்துவதற்குக் காய் வேண்டும், கீரை வேண்டும். ஏரியும் கழனியும் சூழ்ந்த ஊரில் கீரைக்கென்ன பஞ்சம் என்று நகரத்தார் எண்ணுவர். அவ்வாறு இல்லை. நெல்லும் கரும்பும் விளையும் இடத்தில் காய்க்கு இடமில்லாமல் போய்விட்டது. கொல்லைப்புறம் இருந்த இடத்தில் காரை வீட்டின் கூடுதல் அறை எழுந்துவிட்டது. கிணற்றடியில் வளர்ந்த முருங்கையும் வேலியில் படர்ந்த அவரையும் எத்தனை வீடுகளில் எஞ்சியுள்ளன? நெல் விளைவித்தவர் பேருந்து நிலையத்துக் கடையில் வாடிய வெண்டைக்காயை விலைகொடுத்து வாங்குகிறார். விலை ஏறிய வாரம் காய் இல்லை, ஊறுகாயே கறி.

இவ்வூரின் பெருமையைக் கேட்டால் எவரும் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரைக் காட்டுவர். முதற்பராந்தக சோழன் காலத்தில், 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும் பொறிக்கப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகள் அங்கே உள்ளன. தேர்தல் முறையைப் பற்றி யாவரும் பேசுவர். அவ்வோலையால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்ன வேலை செய்தனர் என்பதைப் பேசுவார் குறைவு. 30 குடும்புகளிலிருந்து 30 பேரைத் தேர்ந்து, 12 பேரைச் சம்வத்சர வாரியத்திற்கும், 12 பேரைத் தோட்ட வாரியத்திற்கும், 6 பேரை ஏரி வாரியத்திற்கும் அமர்த்தினர். ஏரியால் வாழ்ந்த ஊர், ஏரிக்கு 6 பேரை வைத்துத் தோட்டத்திற்கு 12 பேரை வைத்தது! 360 நாள் பணி முடிந்ததும் அவர்கள் விலகிப் புதியவர் வருவர்.

அத்தோட்ட வாரியத்தை இன்று ஏன் மீண்டும் அமைக்கலாகாது? ஊராட்சிக்கு நிலமுண்டு, பள்ளிக்கு மதிலோரம் இடமுண்டு, மகளிர் தன்னுதவிக் குழுக்களுக்கு உழைக்கும் கையுண்டு. பள்ளித் தோட்டத்து வெண்டையும் முருங்கைக் கீரையும் சத்துணவுக் குழம்பில் விழட்டும். மிஞ்சியது ஊர் நடுவே விலைக்கு வரட்டும். வரப்பில் துவரையும் உளுந்தும் ஊன்றுவது நம் உழவர் மறந்த கலை அன்று. விதை கிடைத்தால் அடுத்த பருவத்திலேயே செய்வர். டொரன்டோ ஆய்வு ஒரு மாதந்தான் நடந்தது. புரட்டாசியும் ஒரு மாதந்தான். ஆவணியின் இறுதியில் மருத்துவமனையில் குருதியை அளந்துகொண்டு, முப்பது நாளும் சோற்றைப் பாதியாக்கி, சுண்டலும் கீரையும் வெண்டைக்காயும் மீதிப் பாதியை நிரப்ப உண்டு, மாத்திரை உள்ளவர் மாத்திரையை நிறுத்தாமலே, ஐப்பசி முதல் வாரத்தில் மீண்டும் அளந்து பார்க்கலாம். தோட்ட வாரியத்தின் முதற்பணியாக, மனமுள்ள 12 குடும்பங்கள் இதனைச் செய்து, எண்களை ஊர் மன்றத்தில் படித்துக் காட்டட்டும்.